ரேஷன் கார்டில் குழந்தை பெயர் இல்லை, இதய ஆபரேஷன் என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

அரசமரத்தடி கேட்டது:

அங்கன்வாடிக்கு வந்த ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) டீம் நாலு வயதுப் பையன் ஒருவனைப் பரிசோதித்து, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை. வேலை இருக்கிற மாதம் 9,000 ரூபாய் வரும், எல்லா மாதமும் இருக்காது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

ஸ்மார்ட் கார்டில் அப்பா, அம்மா, அக்கா மூவர் பெயர்தான் இருக்கிறது. பையன் பெயரைச் சேர்க்கவே இல்லை. பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அவனுக்கு ஆதாரும் எடுக்கவில்லை. குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டையும் கிடையாது.

சொந்தக்காரர்கள், "முதலில் தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டிச் செய்துவிடுங்கள், பிறகு பில்லைக் கொடுத்துக் காப்பீட்டில் பணம் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள். இது நடக்கிற காரியமா? எந்தச் சான்றை முதலில் வாங்க வேண்டும்? ஆபரேஷன் செலவு முழுக்க இதில் அடங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்தக் குடும்பத்திடம் அப்படியே சொல்ல வேண்டும்.

நாலாம் நம்பர் கவுண்டர் பதில்:

முதலில் அந்தக் கடன் யோசனையை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் பில் கொடுத்துப் பணம் திரும்ப வாங்கும் ஏற்பாடே இல்லை. மருத்துவமனை முன்அனுமதி கேட்கும், காப்பீட்டு நிறுவனம் அனுமதி தரும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். அனுமதி இல்லாமல் கையிலிருந்து கட்டியது கட்டியதுதான்.

வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 2022-க்கு முன்பு 72,000 ஆக இருந்தது. பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு "நமக்குக் கிடைக்காது" என்று விலகியவர்கள் இன்னும் நிறைய. நீங்கள் சொல்லும் 9,000 ரூபாய் பன்னிரண்டு மாதமும் வந்தால்கூட 1,08,000. அம்மாவின் கூலியையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஆனால் லோடு வேலை இல்லாத மாதங்கள் இருக்கிறதே, அதை விஏஓவிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். "மாசம் எவ்வளவு?" என்று கேட்டதும் நல்ல மாதத்தின் தொகையைச் சொல்லிவிட்டு வருவதுதான் பலரும் செய்கிற தவறு. உண்மையான ஆண்டு வருமானத்தைச் சொன்னால் போதும், குறைத்துச் சொல்லத் தேவையில்லை.

2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் அந்தக் குடும்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இருந்தால் அந்த வழியிலும் தகுதி உண்டு.

இனி சான்றுகள். வரிசை முக்கியம், ஒன்றை வைத்துத்தான் அடுத்ததை வாங்க முடியும்.

பிறப்புச் சான்றில் பெயர் சேர்ப்பது முதல் வேலை. பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் போக வேண்டும், இப்போது குடியிருக்கும் ஊரில் அல்ல. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால் அந்த ஊர்ப் பதிவாளர். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். ஒருமுறை எழுதிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதனால் வீட்டில் கூப்பிடும் பெயரா, ஜாதகப் பெயரா என்ற பஞ்சாயத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது ஆதார். ஐந்து வயதுக்குக் கீழ் கைரேகை, கண் பதிவு எதுவும் எடுக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றும் அப்பா அல்லது அம்மாவின் ஆதாரும் இருந்தால் நீல நிற ஆதார் கிடைக்கும். பெற்றோரின் ஆதாரில் இப்போது பயன்படுத்தும் செல் நம்பர் இணைந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். எப்போதோ தொலைத்த சிம் நம்பர் அதில் இருந்தால் பின்னால் எல்லாமே அங்கே போய் நிற்கும்.

மூன்றாவது ஸ்மார்ட் கார்டில் உறுப்பினர் சேர்ப்பு. உணவுப் பொருள் வழங்கல் துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். அங்கீகரிப்பது வட்ட வழங்கல் அலுவலகம். ஆன்லைனில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், ஆர்பிஎஸ்கே சீட்டின் நகலோடு நேரில் போய்ச் சிகிச்சைக்காகத் தேவை என்று சொன்னால் மேசையில் கிடக்கும் மனு நகரும்.

இனிஷியல் விஷயத்தில் கவனம். ஸ்மார்ட் கார்டில் "மு. கவின்" என்றும், ஆதாரில் அப்பா பெயரை விரித்து "கவின் முருகன்" என்றும் இருக்கும். மனிதருக்கு இரண்டும் ஒரே ஆள். கணினிக்கு இரண்டு ஆள். மூன்று சான்றிலும் ஒரே மாதிரி எழுத வையுங்கள்.

வருமானச் சான்றுக்கு இவை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அது தனியாக நடக்கட்டும். பிறகு ஸ்மார்ட் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே கிடைக்கும் எண்தான் முக்கியம். அட்டை தொலைந்தாலும் இணையதளத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பதிவுக்குப் பயனாளி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. "அட்டை போட்டுத் தர்றேன்" என்று முன்னூறு, ஐந்நூறு கேட்கும் ஆள் எந்த மாவட்டத்திலும் உண்டு. ஒதுங்கிப் போகச் சொல்லுங்கள்.

வார்டு வாசல் பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. மருத்துவமனைக்கு உள்ளே நடப்பதை நான் சொல்கிறேன்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் எல்லா ஆபரேஷனுக்கும் அங்கே அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. பிரிவு வாரியாகத்தான் அனுமதி. எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற இடத்தில் குழந்தை இதய ஆபரேஷனுக்கு இருக்காது. வாசலில் திட்டத்தின் போர்டைப் பார்த்து உள்ளே போய் அட்மிட் ஆன பிறகு, "இது எங்களுக்கு அப்ரூவல் வராது, பணம் கட்டிச் செய்துக்கறீங்களா?" என்று கேட்பார்கள். அதற்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று சில ஆயிரம் போயிருக்கும். கிளம்பும் முன்னால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில், "குழந்தை இதய அறுவை சிகிச்சைக்கு அனுமதி உள்ள மருத்துவமனைகள் எவை?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "உங்கள் திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரி இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இதே காப்பீட்டின் கீழ்தான் ஆபரேஷன் செய்கின்றன. அங்கே ஒரு வசதி: அட்டை வரத் தாமதமானாலும் சிகிச்சை நிற்காது, பெரும்பாலான பரிசோதனைகளுக்குப் பணமும் வாங்க மாட்டார்கள். குழந்தை இதய ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் வரிசை நீளம் என்பதுதான் குறை. அவசரம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு அதை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

முன்அனுமதிக்கு எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், இசிஜி, மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைகள், டாக்டரின் சிகிச்சைத் திட்டம் எல்லாம் போகும். வழக்கமாக ஒரு நாளில் பதில் வரும். தாமதமானால் பெரும்பாலும் "க்வெரி" போட்டிருப்பார்கள், அதாவது விளக்கம் கேட்டுத் திருப்பியிருப்பார்கள். காரணங்கள் திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான்: எக்கோவில் ஓட்டையின் அளவு எழுதவில்லை, ரிப்போர்ட் பழையது, ரிப்போர்ட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் வேறு, கேட்ட சிகிச்சைக்கும் ரிப்போர்ட்டுக்கும் பொருந்தவில்லை. எக்கோ எடுக்கும்போதே குழந்தையின் பெயரை ஆதாரில் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். "குட்டி", "தம்பி" என்று பதிவான ரிப்போர்ட்டுகளைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு.

எல்லா சிகிச்சைக்கும் பேக்கேஜ் தொகை உண்டு, அதாவது மொத்தமாக இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்த தொகை. இதய மேல்அறை ஓட்டையைத் தையல் போட்டு அடைப்பது ஒரு பேக்கேஜ், தொடை வழியாகக் குழாய் விட்டு டிவைஸ் வைத்து அடைப்பது வேறொரு பேக்கேஜ். ஒன்றுக்கு அனுமதி வாங்கிவிட்டு, உள்ளே போன பிறகு மற்றொன்று செய்ய வேண்டி வந்தால் மருத்துவமனை புதிதாக அனுமதி கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டுவிட்டு வித்தியாசத் தொகையைக் குடும்பத்திடம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. படுக்கை, டாக்டர், மயக்க மருந்து, மருந்து மாத்திரை, டிவைஸ், நோயாளிக்குச் சாப்பாடு எல்லாம் பேக்கேஜுக்குள் அடக்கம். கூட இருப்பவரின் சாப்பாடு, தங்கல், பஸ் செலவு கிடையாது. ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள், இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"அப்ரூவல் வரும் வரை இருபதாயிரம் கட்டி வையுங்க, வந்ததும் திருப்பித் தந்துடுவோம்" என்று கேட்டால், அதை அந்த மருத்துவமனையின் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பேச்சும் அதோடு நின்றுவிடும். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து வேண்டாம். டிஸ்சார்ஜ் நாளில் எவ்வளவு தொகை காப்பீட்டில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். குறை இருந்தால் அதே இலவச எண், அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மனு. இந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

தொகை ஆண்டுக்கு 5 லட்சம், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனி 5 லட்சம் இல்லை. இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரி 11-ல் தொடங்கியது, ஆண்டுக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான். அதே வருடம் அம்மாவுக்கு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருந்தால் மீதி எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் தேதி தள்ளிப்போவதற்குக் காப்பீட்டைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு: சளிக் காய்ச்சல், சொத்தைப் பல். பல்லில் உள்ள கிருமி ரத்தம் வழியாக இதயத்தில் தொற்றிக்கொள்ளும் என்பதால் சொத்தையைச் சரிசெய்யாமல் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்கள். நாலு வயதுப் பையனுக்கு மிட்டாய்ச் சொத்தை இருக்க நிறைய வாய்ப்பு. இப்போதே அரசு பல் பிரிவில் காட்டிவிடுங்கள். தேதி தள்ளினால் வாங்கிய அனுமதியும் காலாவதியாகிவிடக் கூடும், நீட்டிக்கச் சொல்லி வார்டில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

தளிர்நடை பதில்:

இரண்டு பேரும் ஆபரேஷன் வரை போய்விட்டீர்கள். ஒரு படி பின்னால் வருகிறேன்.

முணுமுணுப்பு கேட்டாலே ஓட்டை என்று இல்லை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கே இந்த வயதில் அது கேட்பது சகஜம், காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் இன்னும் பலமாகக் கேட்கும். எக்கோ எடுத்தால்தான் தெரியும். கீழறையில் சின்ன ஓட்டை இருந்தாலும் பல சமயம் தானாகவே மூடிக்கொள்ளும், மருத்துவர் கண்காணிப்பில் வைத்திருப்பார். ஆகவே அந்தச் சீட்டை வைத்து ஆபரேஷன் என்று முடிவுகட்ட வேண்டாம். அதே நேரம், உதடும் நகமும் நீலமாவது, விளையாடும்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவது, எடை ஏறாமலிருப்பது, அடிக்கடி நிமோனியா வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் சான்றுக்காக ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

ஆர்பிஎஸ்கே சீட்டு ஒரு நல்ல ஆயுதம், அதைக் கைவிட்டுவிடாதீர்கள். 2013-ல் தொடங்கிய திட்டம் அது. பிறப்பிலிருந்து 18 வயது வரை, அங்கன்வாடியில் வருடம் இரண்டு முறை, அரசுப் பள்ளியில் ஒரு முறை பார்க்கிறார்கள். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகை. சீட்டில் எழுதியிருக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு (குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் தரும் அரசு மையம்) போனால் எக்கோவுக்கு அவர்களே அனுப்புவார்கள், செலவு கிடையாது. தனியாரில் வெளிநோயாளியாக எக்கோ எடுத்தால் கையிலிருந்து போகலாம். காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பத்துக்கு அட்டை எடுக்க உதவுவதும் அந்த மையத்தினருக்குப் பழகிய வேலை. பெயர் சேர்ப்பும் எக்கோவும் ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் ஓடட்டும். ஒன்று முடிந்து மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் மாதங்கள் போய்விடும்.

திடீரென்று அட்மிட் செய்ய நேர்ந்து அட்டை வரவில்லை என்றால், மருத்துவமனையிலிருந்து நோயின் பெயரும் தேவைப்படும் சிகிச்சையும் எழுதிய கடிதம் வாங்கிக்கொண்டு ஒருவர் கலெக்டர் ஆபீஸ் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். மற்ற சான்றுகள் கையில் இருந்தால் அன்றே எண் வாங்க வாய்ப்புண்டு. குழந்தை படுக்கையில் இருக்கிறது என்பதற்கு அந்தக் கடிதமே சான்று.

மேட்டுத்தெரு கேட்டது:

இதே திரியில் கேட்பதற்கு மன்னிக்கவும். காது கேட்காத பெண் குழந்தை, ஐந்து வயது நாலு மாதம். ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி இந்தக் காப்பீட்டில் வருமா? தாய் தகப்பன் பிரிந்துவிட்டார்கள், அம்மாவும் பிள்ளையும் தாத்தா பெயரில் உள்ள ஸ்மார்ட் கார்டில் இருக்கிறார்கள்.

தளிர்நடை பதில்:

வரும், ஆனால் ஆறு வயதுக்குள். உங்களிடம் இருப்பது எட்டு மாதம்தான். அதற்குள் காது பரிசோதனைகள், ஸ்கேன், தடுப்பூசி, காது கேட்கும் கருவி வைத்துப் பார்த்த பதிவு, இத்தனையும் முடிய வேண்டும். இது உயர்செலவு சிகிச்சை வரிசையில் உள்ளது. கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போல இதற்கும் தனி நிதி, நிபுணர் குழு ஒப்புதல் உண்டு, ஒரு நாளில் வராது. நாளைக்கே மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ போகச் சொல்லுங்கள்.

கருவி வைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. கேட்டுப் பேசும் பயிற்சிக்கு ஒரு வருடம் விடாமல் போக வேண்டும், அதுவும் திட்டத்தில் அடங்கும். எந்த ஊரில் பயிற்சி என்பதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளியில் இருக்கும் புராசசர், ஒயர், பேட்டரிக்கு வாரண்டி எத்தனை வருடம், அதன் பிறகு யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கவனக்குறைவாகத் தொலைப்பது ஒயரைத்தான்.

இன்னொன்று. ஐந்து வயது தாண்டிவிட்டதால் நீல ஆதாரில் கைரேகை, கண் பதிவு சேர்த்தாக வேண்டும். சேர்க்காத ஆதார் சரிபார்ப்பில் தோற்றால் அனுமதி அங்கேயே தடைப்படும்.

நாலாம் நம்பர் கவுண்டர் பதில்:

தாத்தா கார்டு விஷயம் மட்டும் நான். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் பயனாளி, அவர் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். பிள்ளைகளுக்கு வேலை, கல்யாணம், 25 வயது, இதில் எது முந்துகிறதோ அதுவரை. பேரன் பேத்தி அந்த வரையறையில் இல்லை. அதனால் தாத்தாவைப் பயனாளியாகப் போட்டால் சிக்கல் வரலாம். அதே ஸ்மார்ட் கார்டை வைத்து அம்மாவைப் பயனாளியாகக் கேளுங்கள். அப்போது பெண் அவருடைய பிள்ளை, தாத்தா அவரைச் சார்ந்த பெற்றோர், எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். வருமானச் சான்றும் அம்மா பெயரில் இருக்கட்டும்.

பெற்றோர் இருவருமே இல்லாமல் பதிவு பெற்ற இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கும், முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கும் தனி வழி உண்டு. முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. வெளி மாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் தொழிலாளர் துறையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பதிவு மையத்தில் கேட்கலாம். அப்பாவுக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். அதில் வெளிநோயாளி மருந்தும் கிடைக்கும், இதில் கிடைக்காது.

அரசமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதிவாளர் அலுவலகம் அம்மாவின் சொந்த ஊரில், வேறு மாவட்டம். நாளை கிளம்புகிறார்கள். எக்கோவுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சந்தேகம்: பையனுக்குப் பேச்சும் கொஞ்சம் தாமதம். ஸ்பீச் தெரபி இந்த 5 லட்சத்தில் வருமா?

தளிர்நடை பதில்:

வராது. தெரபிக்கு அட்டை தேவையில்லை, இடையீட்டு மையத்திலேயே இலவசம். வியாழக்கிழமை எக்கோவுக்குப் போகும்போது அதே வளாகத்தில் பேச்சுப் பயிற்சியாளரிடமும் பெயர் பதிந்துவிட்டு வரட்டும், இரண்டாவது பஸ் செலவு மிச்சம்.

பின்னால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றில் ஏதாவது என்று மாற்றுத்திறனாளி சான்று கிடைத்தால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு தனியாக உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம், தெரபிக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் சேர்த்து. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய். அங்கே மட்டும் முறை நேர்மாறு: முதலில் கட்டிவிட்டுப் பில்லைக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும், அதனால் சின்ன ரசீதைக்கூட வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் பேச்சுத் தாமதத்துக்கு அது பொருந்தாது. காதும் ஒருமுறை சோதித்துவிடச் சொல்லுங்கள், பேச்சு தாமதமான குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.